புதுப்பிப்பு: அப்பாவின் ஃபீல்ட் டெஸ்ட் (பார்வைப் பரப்புச் சோதனை), இரண்டாவது தடவை

போன மாதம் கேட்டிருந்தேனே, அப்பாவுக்குக் கண் அழுத்தம் 18தான், ஆனாலும் பார்வை நரம்பைப் பார்த்த டாக்டர் க்ளாக்கோமா (பார்வை நரம்பு மெல்லப் பழுதாகும் நோய்) சந்தேகம் என்கிறார், ஃபீல்ட் டெஸ்ட் ரிப்போர்ட்டில் மேல்பக்கம் முழுக்கக் கறுப்பு, அதாவது அங்கே பார்வை இல்லை என்று. நேற்று மறுபடி எடுத்தோம்.

முதல் ரிப்போர்ட்டை நம்ப முடியாதாம். அப்பா நடுவில் இருக்கும் மஞ்சள் விளக்கைப் பார்க்காமல், அடுத்த ஒளிப்புள்ளி எங்கே மின்னும் என்று தேடிக்கொண்டே இருந்திருக்கிறார். (அவரைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியமே இருக்காது.) தொங்கிய இமை வேறு மறைத்திருக்கிறது. இந்த முறை இமையைத் தூக்கி டேப் ஒட்டினார்கள். "பாதிப் புள்ளி தெரியாதுங்க ஐயா, மிஷினே மங்கலாக்கிக்கிட்டே போகும், பதறாதீங்க" என்று டெக்னீஷியன் முதலிலேயே சொல்லிவிட்டார். 54 இடங்களில் புள்ளி மின்னும், ஒரு கண்ணுக்கு ஐந்தாறு நிமிடம்.

மேல்பக்கக் கறுப்பு போய்விட்டது. ஆனால் இடது கண்ணில், மூக்கை ஒட்டிய கீழ்ப்பக்கம் படிக்கட்டு மாதிரி ஒரு சின்னக் குறை அப்படியே இருக்கிறது. ஓசிடி ஸ்கேனிலும் (விழித்திரையை அடுக்கடுக்காகப் படமெடுப்பது) அதற்குப் பொருத்தமாக மேல்பக்க நரம்பிழை மெலிந்திருக்கிறது (கண்ணுக்குள் பிம்பம் தலைகீழாக விழுவதால் கீழே தெரிகிற குறைக்கு மேல்பக்க நரம்பிழை). ஆக, க்ளாக்கோமாதான், ஆரம்ப நிலை. இரவில் ஒரு சொட்டு மருந்து. அழுத்தம் 21க்குக் கீழே இருந்தால் பயமில்லை என்றவர்களுக்கு: 18லும் வருகிறது.

அடுத்த டெஸ்ட் நாலு மாதம் கழித்து. அப்புறம், எனக்கும் வயது 40 தாண்டிவிட்டது. அடுத்த வாரம் நானும் கண்ணைச் சோதித்துக்கொள்ளப் போகிறேன்.