வாக்களிப்பு மையத்தில் பணியாற்ற யாருக்குத் தகுதி உண்டு?

கேள்வி: செம்பனைக்காட்டுப் பெண்

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தோட்ட அலுவலகத்தில் கணக்கு வேலை பார்க்கிறேன். எஸ்பிஎம் என்ற இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வுக்குப் பிறகு டிப்ளோமா முடித்திருக்கிறேன். அரசு ஊழியர் அல்ல. அடுத்த தேர்தலில் வாக்களிப்பு மையத்தில் பணியாற்ற ஆசைப்படுகிறேன். ஆசிரியர்களையும் அரசாங்க ஊழியர்களையும்தான் எடுப்பார்கள் என்கிறார்கள் தோழிகள். அது உண்மையா? என் அப்பா ஒரு கட்சியின் கிளைச் செயலாளர் என்பது எனக்குத் தடையாகுமா? அங்கே யாருக்கு என்ன வேலை என்பதையும் அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில்: ஓய்வுபெற்ற வாத்தியார்

வணக்கம் அம்மா. ஆசிரியர்களும் அரசாங்க ஊழியர்களும் பெரும்பான்மை என்பது உண்மைதான். ஆனால் அவர்கள் மட்டுமே என்பதில்லை. 2018 பொதுத் தேர்தலில் ஏறத்தாழ 14.9 மில்லியனாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை, 18 வயது வாக்குரிமையும் தானியங்கிப் பதிவும் நடப்புக்கு வந்ததனால் 2022இல் 21 மில்லியனைத் தாண்டிவிட்டது. அத்தனை பேருக்கும் ஆள் போட வேண்டியிருப்பதால் தேர்தல் ஆணையம் பொதுமக்களிடமிருந்தும் விண்ணப்பம் பெறுகிறது. நீங்கள் மலேசியக் குடிமகளாகவும் கட்சிப் பணியில் ஈடுபடாதவராகவும் இருக்க வேண்டும். தேர்வானால் பயிற்சிக்குப் போய், இரகசியக் காப்பு உறுதிமொழியும் எடுக்க வேண்டும்.

வாக்களிப்பு மையம் சாலுரான்களாக, அதாவது தனித்தனி வாக்களிப்பு அறைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். வயது மூத்தவர்களுக்கு முதல் சாலுரான். ஒவ்வொன்றுக்கும் கே.டி.எம். என்ற தலைவர் ஒருவரும் அவருக்குக் கீழே கிராணிகளும் (எழுத்தர்களும்) இருப்பார்கள். முதல் கிராணி ஐசியை (அடையாள அட்டையை) வாங்கிப் பட்டியலில் சரிபார்த்து, வேட்பாளர்களின் முகவர்கள் காதில் விழும்படி பெயரையும் எண்ணையும் உரக்கப் படிக்க வேண்டும். இரண்டாமவர் இடது ஆள்காட்டி விரலில் மை தடவுவார். மூன்றாமவர் வாக்குச் சீட்டைக் கொடுப்பார்.

கேட்பதற்கு எளிதாக இருக்கும் அந்த முதல் நாற்காலிதான் எங்கள் ஊர்களில் சிரமமானது. தோட்டத்து லயன் வீடுகளில் வாழ்ந்த காலத்தில் பதிந்த பெயர்களை ஐசியில் பார்த்திருப்பீர்கள். கருப்பாயி ஒரு எழுத்துக்கூட்டில் இருப்பார், அவருடைய தந்தை பெயர் மூன்று துண்டாக வெட்டுப்பட்டிருக்கும். தமிழ் தெரியாத பிள்ளை அதைப் படித்தால், எதிரில் நிற்கும் பாட்டிக்குத் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்பதே விளங்காது. பின்னால் வரிசை நீளும். அதனால் உங்களைப் போலத் தமிழ் தெரிந்த ஊர்ப் பிள்ளை அந்த நாற்காலியில் இருப்பது நல்லது.

பாட்டி சீட்டைக் கையில் வாங்கியதும், "ஐயா, எதுல போடணும்?" என்று கேட்பார். ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் குறி போட வேண்டும், சீட்டை மடித்துப் பெட்டியில் போட வேண்டும் என்று முறையைச் சொல்லலாம். அதற்கு மேல் ஒரு சொல்லும் கூடாது, கண் ஜாடையும் கூடாது. பார்வை குன்றியவர்களுக்கு உதவ விதி தனியே இருக்கிறது, அதை முடிவு செய்வது கே.டி.எம்.தான், கிராணி தானாக எழுந்து போய் உதவக் கூடாது.

பதில்: பழைய எண்ணும் முகவர்

வாத்தியார் ஐயா சொன்னதில் ஒன்றை நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். நான் எதிர்ப்பக்க நாற்காலியில், வேட்பாளரின் முகவராக உட்கார்ந்தவன். ஊர்ப் பிள்ளையை ஊர் மையத்திலேயே போடுவது எனக்கு உவப்பில்லை. வரிசையில் வருபவர் எல்லாரும் மாமா, அத்தை, சித்தப்பா என்றால், ஒரு சிரிப்பைக்கூட முகவர்கள் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள். அதிலும் அப்பா கிளைச் செயலாளராக இருந்தால் சொல்லவே வேண்டாம்.

நாங்கள் கவனிப்பது சின்னச் சின்னக் காரியங்களைத்தான். காலையில் பெட்டி காலியாக இருப்பதைக் காட்டிய பிறகு முத்திரையிட்டார்களா, மை தடவாமல் யாரையாவது விட்டுவிட்டார்களா என்று பார்ப்போம். மை விஷயத்தில் சந்தேகம் வருவதற்குக் காரணமும் உண்டு. 2008இல் வாக்களிப்புக்குச் சில நாட்களே இருந்தபோது மைத் திட்டத்தைக் கைவிட்டார்கள். 2013இல் கொண்டுவந்தபோதோ, கழுவினால் போய்விடுகிறது என்று நாடெங்கும் புகார் எழுந்தது.

வாக்களிப்பு முடிந்ததும் அதே அறையில் எண்ணிக்கை தொடங்கும். கே.டி.எம். ஒவ்வொரு சீட்டையும் தூக்கிக் காட்ட வேண்டும்; செல்லுமா செல்லாதா என்ற தகராறு வந்தால் முடிவு அவருடையது. பிறகு போராங் 14 என்ற எண்ணிக்கை முடிவுப் படிவத்தை நிரப்பி, கையெழுத்திட்டு, முகவர்களுக்குப் பிரதி தர வேண்டும். பெட்டியில் எண்ணிய சீட்டும் பெட்டிக்கு வராத சீட்டும் சேர்ந்து, வழங்கிய சீட்டுக் கணக்கோடு பொருந்த வேண்டும். களைத்துப் போன நேரத்தில் ஒரு எண் தவறினாலும் திரும்ப முதலிலிருந்து பார்க்க வேண்டியதுதான். கணக்கு வேலை பார்க்கும் உங்களுக்கு அந்தப் பொறுமை இருக்கும் என்று நம்புகிறேன்.

பதில்: ஓய்வுபெற்ற வாத்தியார்

முகவர் தம்பியின் கவலை நியாயமானதுதான். ஆனால் தோட்ட வட்டாரத்து முதல் சாலுரானில் தமிழ் தெரிந்த ஒருவர்கூட இல்லையென்றால் பாட்டி யாரிடம் போய்க் கேட்பார்? ஆகவே பக்கத்து ஊர் மையத்தைக் கேளுங்கள் அம்மா. பதவி அப்பாவுடையது, உங்களுடையது அல்ல. இருந்தாலும் அவர் முகவராக உட்காரும் இடத்தில் நீங்கள் இருக்க வேண்டாம். பணிக்குப் போகும் நாள் வரை கட்சி நிகழ்ச்சிப் படங்களையும் உங்கள் முகநூலில் பகிராமல் இருங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி ஐயா. பக்கத்து ஊரையே கேட்கிறேன். அப்படியானால் அன்று என் சொந்த வாக்கை எப்படிப் போடுவது?

பதில்: பழைய எண்ணும் முகவர்

அஞ்சல் வாக்குதான். தேர்தல் பணியாளர்களுக்கு அந்த வசதி உண்டு, ஆனால் அது தானாக வராது. நியமனக் கடிதம் கைக்கு வந்தவுடன் விண்ணப்பியுங்கள். இறுதி நாளைத் தவறவிட்டு, நாள் முழுக்க அடுத்தவர் விரலுக்கு மை தடவிவிட்டுத் தம் விரல் வெள்ளையாகவே வீடு திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.