பிக்கப்பில் ஒரு பக்கம் குளிர், மறுபக்கம் சூடு

கேள்வி: இரு பக்கமும் தனித்தனி வெப்பநிலைக் கட்டுப்பாடுள்ள பிக்கப் வண்டி. ஏசி போட்டால் டிரைவர் பக்கம் குளிர், பக்கத்து சீட்டில் சூடு. ஸ்டார்ட் செய்ததும் டேஷ்போர்டுக்குள் 'டிக் டிக்' சத்தம். ஏசி கேஸ் நிரப்பலாமா?

பதில்: வேண்டாம். அந்தச் சத்தம் பெரும்பாலும் பிளெண்ட் டோர் ஆக்சுவேட்டர்தான்; டேஷ்போர்டுக்குள் குளிர், சூடு காற்றைக் கலக்கும் சிறு கதவைத் திருப்பும் மோட்டார் அது. பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்தால் கதவு பாதியில் நின்று, ஹீட்டர் கோரின் (சூடான கூலன்ட் ஓடும் சிறு ரேடியேட்டர்) சூடு காற்றில் கலந்துவிடும். ஆக்சுவேட்டரைக் கழற்றி, கதவின் தண்டைக் கையால் திருப்பிப் பாருங்க. லேசாகத் திரும்பினால் ஆக்சுவேட்டர் மாற்றினால் போதும். இறுகியிருந்தால் கதவிலேயே கோளாறு. மாற்றியதும் காலிபரேஷன் (கதவு எதுவரை திரும்பும் என்று பதியவைப்பது) அவசியம்.

இன்னொருவர்: கேஸ் குறைந்தாலும் இரு பக்கமும் வேறுபடும், ஆனால் இந்தச் சத்தம் வராது. கேஜ் (அழுத்தமானி) வைத்துப் பார்க்காமல் நிரப்பவே கூடாது.

மற்றொருவர்: ஹீட்டரும் மந்தமா? இன்ஜின் சூடானதும் ஹீட்டர் கோருக்குப் போய்வரும் இரண்டு ஹோஸையும் கவனமாகத் தொடுங்க. ஒன்று மட்டும் சூடு என்றால் பெரும்பாலும் கோர் அடைப்பு. இரண்டுமே சூடாகாவிட்டால் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) அளவையும், அதன் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டையும் பாருங்க.