புதுப்பிப்பு: டிராஃப்ட்டுக்குப் பிறகு ஈகிள்ஸ் டிஃபென்ஸ்

அமெரிக்கக் கால்பந்தின் (என்எஃப்எல்) இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் ஜெயித்த கையோடு, டிஃபென்ஸில் (தடுப்பாட்டத்தில்) ஆடிய ஜோஷ் ஸ்வெட், மில்டன் வில்லியம்ஸ், டேரியஸ் ஸ்லே, கார்ட்னர்-ஜான்சன் நால்வரும் போய்விட்டார்களே, அணி இந்த ஓட்டைகளை எப்படி அடைக்கும் என்று மார்ச்சில் கேட்டிருந்தேன். கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் 2025 டிராஃப்ட் முடிந்துவிட்டது. பாதி நிம்மதி.

முதல் சுற்றில், 31ஆவது தேர்வாக, அலபாமா பல்கலைக்கழக லைன்பேக்கர் (தடுப்பில் முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவர்) ஜிஹாத் கேம்ப்பெல். நடுவில் நின்றும் ஆடுவார், ஓரத்திலிருந்து, பந்தை எறியும் குவார்ட்டர்பேக் மீதும் பாய்வார். தோள்பட்டையில் அறுவைச் சிகிச்சை ஆகியிருப்பதால் அவசரப்படுத்தக் கூடாது. அதே இடத்தில் ஆடும் ஸாக் பான்தான் 3 வருட ஒப்பந்தத்தில் தங்கிவிட்டாரே. 64ஆவதாக வந்த சேஃப்டி (கடைசி வரிசைத் தடுப்பாளர்) ஆண்ட்ரூ முகூபா, கார்ட்னர்-ஜான்சன் இடத்துக்கு.

வில்லியம்ஸ் போனதுதான் இன்னும் வலிக்கிறது. சூப்பர் பவுலின் நாலாவது குவார்ட்டரில் (கடைசிக் கால் பகுதியில்) எதிரணி குவார்ட்டர்பேக் மஹோம்ஸ் கையிலிருந்து பந்தைத் தட்டிவிட்டு, அதைத் தானே கைப்பற்றினார், மனுஷன்! ஆனாலும் பேட்ரியட்ஸ் அணி அவருக்கு நீட்டியது 4 வருடத்துக்கு 104 மில்லியன் டாலர். அதற்கு ஈடுகொடுத்தால் நாளைக்கு நம் இன்னொரு தடுப்பு வீரர் ஜேலன் கார்ட்டருக்குக் கொடுக்கக் கை கடிக்கும். விட்டது சரி.

ஸ்லே ஆடிய கார்னரில் (பந்தைப் பிடிக்க ஓடுபவர்களை ஓரத்தில் தடுக்கும் இடம்) குவின்யன் மிட்செல் ஒரு பக்கத்தைப் பார்த்துக்கொள்வார். எதிர்ப்பக்கத்தை கீலீ ரிங்கோவிடம் நம்பிக் கொடுங்கள் என்பேன்.