கருங்காலிப் பிடி போட்ட அறுவைக் கத்திகள்: துருவை எப்படி எடுப்பது?

வணக்கம் நண்பர்களே. லண்டனில் ஒரு பழம்பொருள் கடையில் கை கால் துண்டிக்கும் அறுவைக் கருவிப் பெட்டி ஒன்று வாங்கியிருக்கிறேன். உள்ளே சிவப்பு வெல்வெட்டில் எலும்பு ரம்பம், நீளக் கத்திகள், ரத்தத்தை நிறுத்தத் தொடையில் கட்டி இறுக்கும் பித்தளைத் திருகுப்பட்டை எல்லாம் இருக்கின்றன.

கத்திப் பிடிகள் கருங்காலி. ரத்தக் கையில் வழுக்காமலிருக்கக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கீறியிருக்கிறார்கள். அந்தக் கோடுகளுக்குள் கறுப்பாக ஏதோ படிந்திருக்கிறது. ஜோசப் லிஸ்டர் என்ற அறுவை மருத்துவர் 1867இல் கார்பாலிக் அமிலத்தால் கிருமிகளைக் கொல்லும் முறையை வெளியிடுவதற்கு முன், கத்தியைத் துடைத்து அப்படியே வெல்வெட்டில் வைத்துவிடுவார்கள். வலி தாங்கி அறுவையில் பிழைத்தவர்களிலும் பலர் அப்புறம் சீழ் பிடித்துச் செத்தார்கள். அதை நினைத்தாலே மனசு கனக்கிறது. கருவிகளைக் கொதிக்க வைக்கும் வழக்கம் வந்ததும் மரப்பிடி தாங்காமல் முழு உலோகத்துக்கு மாறினார்கள். ஆகவே இது அதற்கு முந்தையது என்றே நினைக்கிறேன்.

செய்தவர் பெயர் பொறித்த இடத்திலேயே துரு ஏறியிருக்கிறது. உப்புத்தாள் போட்டால் எழுத்தும் போய்விடும். எண்ணெய் மட்டும் போதுமா? கோடுகளில் உள்ள படிவை எடுக்கலாமா, விட்டுவிடுவதா? எனக்கு விட்டுவிடத்தான் தோன்றுகிறது. அருங்காட்சியகப் பராமரிப்பு தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். அதுவரை எதையும் தொடப்போவதில்லை.