கம்பளத்தின் பைல் (pile): குவியலா, பூவா, முடியா, துய்யா?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

பிள்ளைகள் அறைக்குக் கம்பளம் போடப் போகிறோம். விரித்துச் சுருட்டி வைக்கிற கம்பளம் இல்லை, சுவருக்குச் சுவர் பொருத்துவது. கே.கே. நகரில் இரண்டாம் மாடி, வீடெங்கும் டைல்ஸ். "சித்திரை வெயிலில் வெறுந்தரையில் படுக்கிற சுகத்தை விட்டுவிட்டு எவளாவது கம்பளி போர்த்துவாளா தரைக்கு?" என்று என் மாமியார் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் கீழ்வீட்டு அம்மா மூன்று தடவை மேலே வந்து, "ராத்திரி பத்து மணிக்கு உரல் இடிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். உரல் இல்லை. ஆறு வயதிலும் எட்டு வயதிலும் இரண்டு பையன்கள், கட்டிலிலிருந்து குதிக்கிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எதை வாங்குவது என்று இணையத்தில் தேடியபோது ஒரு கடையின் தமிழ்ப் பக்கத்தில் "குவியல் உயரம் 9 மி.மீ., வெட்டுக் குவியல்" என்று போட்டிருந்தது. நெல் குவியும், மணல் குவியும். கம்பளத்தில் என்ன குவிகிறது? அப்புறம்தான் புரிந்தது, அது பைல். குவியலைச் சொல்லும் பைல் ஒன்று; கம்பளத்தில் நட்டுக்கொண்டு நிற்கும் நூலைச் சொல்லும் பைல் வேறொன்று, லத்தீனில் முடியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் எழுத்து ஒன்றாகிவிட்டது, மொழிபெயர்த்த இயந்திரம் கைக்கு முதலில் அகப்பட்டதை எடுத்து வைத்துவிட்டது.

செல்லூரில் அப்பாவின் தறியடியில் வளர்ந்தவள் நான். பாவு, ஊடை, அச்சு, நாடா எல்லாம் பள்ளிக்கூடம் போகுமுன்பே தெரியும். இதற்கு மட்டும் சொல் இல்லை. யோசித்தால் காரணமும் தெரிகிறது: நம் பவானி ஜமக்காளமும் தட்டை, பத்தமடைப் பாயும் தட்டை. மேலே எழுந்து நிற்கிற நூலே இல்லாத ஊரில் அதற்குப் பேர் எதற்கு?

கம்பளத்தின் அடித்துணியிலிருந்து மேலே எழுந்து, காலில் படும் அந்த நூற்பரப்புக்கு ஒரு சொல் தாருங்கள். ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போகிறேன், சொல்லிப் பார்த்துவிட்டு வருகிறேன்.

செல்லூர்க்காரி, மதுரை

*

அம்மா, இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? தேங்காய்ப்பூத் துண்டு என்று சொல்கிறோமே, அதில் இருக்கும் பூதான் நீங்கள் தேடுவது. துண்டு முழுக்கத் துருவிய தேங்காய்போல் நூல் எழுந்து நிற்பதால் எவரோ ஒரு புண்ணியவான் வைத்த பெயர். பூ உயரம், நுனியை வெட்டிவிட்டால் வெட்டுப் பூ, வளையமாகவே விட்டால் வளையப் பூ. முடிந்தது வேலை.

திருச்சியிலிருந்து

*

ஜவுளி ஆலையில் இருபது வருடம் இருந்தவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. கம்பளத்துக்கு மட்டும் பொருந்துகிற சொல் போதாது. வெல்வெட், கார்டுராய், தேங்காய்ப்பூத் துண்டு மூன்றுக்கும் இதே பைல்தான். துண்டில் இரண்டு பாவு, அதாவது நீளவாக்கு நூல், ஓடும். ஒன்றை இறுக்கியும் மற்றதைத் தளர்த்தியும் விடுவோம், தளர்ந்த பாவுதான் வளையமாக எழும்பும். கம்பளத்தில் அப்படி இல்லை. இன்று கடையில் கிடைப்பதில் பெரும்பாலானவை நெய்தவையே அல்ல. அடித்துணியில் ஊசியால் நூலைக் குத்தி ஏற்றி, முதுகில் ரப்பர்ப் பால் பூசிப் பிடிக்க வைத்தவை. ஆகவே சொல்லில் நெசவு வாடை அடிக்காமல் இருந்தால் நல்லது.

கோவையிலிருந்து

*

பழைய சொல் ஒன்று சும்மா கிடக்கிறது: துய். பஞ்சின் மென்மையும், பூவின் நுனியிலும் கதிரின் நுனியிலும் இருக்கிற மெல்லிய இழையும் துய். சங்கப் பாட்டில் குரங்குக்குத் "துய்த்தலை மந்தி" என்று பெயர், தலையில் பஞ்சுபோல் முடி சிலிர்த்து நிற்பதால். கம்பளத்துக்கு இதைவிடப் பொருத்தமாக எது இருக்கும்? ஓரசைச் சொல், எதனோடும் ஒட்டும்.

புதுச்சேரியிலிருந்து

*

அனைவருக்கும் வணக்கம். கம்பளம் போட்டாகிவிட்டது. இரண்டு சொல்லையும் கொண்டுபோய்ப் பார்த்தேன், இரண்டும் அடிபட்டுத் திரும்பின. நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பூ. கடைக்காரரிடம், "இதில் பூ எவ்வளவு உயரம் இருக்கும்?" என்றேன். "பூ வேணுமாம்மா?" என்று ரோஜாப் போட்ட மெரூன் சுருள் ஒன்றை உருட்டிவிட்டார். "அதில்லை, பூ கொஞ்சம் குட்டையா..." என்றேன். உடனே சின்னச் சின்ன மல்லிகைப் பூ போட்டது ஒன்று வந்தது. திருச்சி நண்பரே, உங்கள் சொல்லால் அரை மணி நேரம் போனது. துண்டில் பூப்போட்ட வேலைப்பாடு அபூர்வம், அதனால் அங்கே குழப்பம் இல்லை. கம்பளமோ பாதிக்குப் பாதி பூப்போட்டதுதான்.

அடுத்து துய். "துய் எத்தனை மில்லி?" என்று தைரியமாகவே கேட்டேன். "தூசியாம்மா? அடையத்தான் செய்யும், வாரம் ரெண்டு தரம் வாக்குவம் போடணும்" என்றார். புதுச்சேரி ஐயா சிரிக்க வேண்டாம்.

கடைசியில் அவரே, "பைலா கேக்குறீங்க?" என்றார். கடையில் அது பைல்தான், நம்மால் மாற்ற முடியாது.

மூன்றாவது சொல் பொருத்த வந்த தம்பியிடமிருந்து வந்தது. அதைச் சொல்லுமுன் வேலை நடந்த விதத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், சொல் அங்கேதான் பிறந்தது.

அறை பதினொன்றுக்குப் பத்தரை அடி. சுருள் பன்னிரண்டு அடி அகலம், அதனால் நடுவில் ஒட்டுப் போட வேண்டியதில்லை என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் பன்னிரண்டு அடிச் சுருள் லிஃப்டுக்குள் நுழையாது. இரண்டு பேர் தோளில் தூக்கி, மாடிப்படித் திருப்பத்தில் மலைப்பாம்பை மடக்குவதுபோல் மடக்கிக் கொண்டுவந்தார்கள். முந்தின நாளே சுவரோரம் சுற்றிலும் மெல்லிய ரீப்பர் கட்டை ஒட்டிக் காயவிட்டிருந்தார்கள். டைல்ஸில் ஆணி அடித்தால் விரிசல் விடும் என்பதால் பசை. அந்த ரீப்பர் முழுக்கக் கூரான சின்ன ஆணிகள், நுனி எல்லாம் சுவரைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். இழுத்துவிட்ட கம்பளம் உள்பக்கம் சுருங்கப் பார்க்கும்போது ஆணி அதைப் பிடித்துக்கொள்ளும். தம்பி அதை முள் ரீப்பர் என்றார். எனக்கு அதில் மாற்ற எதுவும் தோன்றவில்லை. எழுத்துக்கு முள்பட்டை என்று வைத்துக்கொள்ளலாம்.

ரீப்பருக்கு உள்ளே எட்டு மில்லி ஃபோம், அதன் மேல் கம்பளம். ஒரு பக்கம் முள்ளில் மாட்டிவிட்டு, பல் வைத்த ஒரு கருவியைக் கம்பளத்தில் பதித்து, அதன் மெத்தை வைத்த பின்பக்கத்தை முழங்காலுக்குச் சற்று மேலே தொடையால் இடித்து இடித்து எதிர்ச்சுவர் வரை தள்ளினார். ஒவ்வொரு இடிக்கும் எனக்குக் கால் வலித்தது. பிறகு ஓரத்தை நறுக்கி, முள்பட்டைக்கும் சுவருக்கும் இடையே விட்டிருந்த சந்தில் செருகினார். கதவு மட்டும் மூட மறுத்தது. ஃபோமும் கம்பளமுமாகத் தரை இரண்டு சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டது, யாரும் முன்கூட்டியே யோசிக்கவில்லை. கதவைக் கழற்றி அடியில் அறுக்க ஆசாரியைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

அலமாரிக்கு அடியில் ஒரு சின்ன மாடம், இரண்டடிக்கு நான்கடி. மிஞ்சிய துண்டில் வெட்டி அதையும் போட்டுவிட்டார்கள். எழுந்து நின்று பார்க்கிறேன், அறை சாம்பல் நிறம், மாடம் மட்டும் கறுத்துத் தெரிகிறது. "வேற சுருள்ல வெட்டிட்டீங்களா தம்பி? நிறம் மாறியிருக்கே" என்றேன்.

"நிறம் மாறலக்கா, முடி திரும்பிருச்சு" என்றார்.

என் கையைப் பிடிக்காத குறையாகத் தரையில் வைக்கச் சொன்னார். ஜன்னல் பக்கம் தடவினால் கன்றுக்குட்டிக் கழுத்துப்போல் வழுக்கிக்கொண்டு போகிறது. எதிர்ப்பக்கம் தடவினால் சிலிர்த்துக்கொண்டு கையைத் தடுக்கிறது. நூல் ஒரு பக்கமாகச் சாய்ந்தே நிற்கும். சாய்வோடு பார்த்தால் வெளிச்சம் பட்டு வெளுத்தும், சாய்வுக்கு எதிரே பார்த்தால் நூலின் நுனி தெரிந்து கறுத்தும் தோன்றும். மாடத்துத் துண்டைத் திருப்பி வெட்டிவிட்டார்கள், அவ்வளவுதான். வேறு துண்டு வெட்டிச் சரிசெய்தார்.

அதோடு நிற்கவில்லை. வாங்கும்போது கம்பளத்தை வெளிப்பக்கமாக மடக்கிப் பார்க்க வேண்டும் என்றார். "மடக்குற எடத்துல வழுக்கை தெரியக்கூடாதுக்கா. உயரமா இருந்தா மட்டும் போதாது, அடர்த்தியா இருக்கணும்." உயரமாகவும் நெருக்கம் இல்லாமலும் இருக்கிற கம்பளம் நடக்க நடக்கப் படுத்துவிடும், குட்டையாகவும் நெருக்கமாகவும் இருப்பது நிற்கும். நான் மி.மீ. கணக்கிலேயே குறியாக இருந்தவள்.

முடி திரும்புகிறது, வழுக்கை தெரிகிறது என்று ஒரு உருவகமே உயிரோடு ஓடிக்கொண்டிருக்கிறது இந்தத் தொழிலில். அன்று இரவு முழுக்க முடிக்குத்தான் என் ஓட்டு. காலையில் எழுந்து சொற்பட்டியல் எழுத உட்கார்ந்தபோது இடித்தது. கையால் முடிந்த கம்பளத்தின் தரத்தைச் சதுர அங்குலத்துக்கு எத்தனை முடிச்சு என்றுதான் எண்ணுகிறார்கள். முடி, முடிச்சு இரண்டும் ஒரே வரியில் வந்தால் வாசிக்கிறவர் திண்டாடுவார். "முடி உயரம் 9 மி.மீ." என்று ஒரு விளம்பரம் வந்தால் சலூன் விளம்பரம் என்று நினைத்துத் தாண்டிப் போவார்.

ஆக, துய். கடையில் தோற்ற சொல்தான். ஆனால் கடைக்குப் பைல் இருக்கிறது, தொழிலாளிக்கு முடி இருக்கிறது. இரண்டு பேருக்கும் நம்மிடம் வேலை இல்லை. சொல் இல்லாமல் தவிப்பது விவர அட்டையில் எழுதுகிறவனும் மொழிபெயர்க்கிறவனும்தான். அவர்களுக்கு வேண்டியது பல சொற்களோடு சேர்ந்தும் குழம்பாத ஒன்று. துய் உயரம், துய் அடர்த்தி, துய்ச் சாய்வு, வெட்டப்பட்டதற்குக் கொய்துய். வெல்வெட்டுக்கும் சரிவரும், கோவை நண்பரும் குறை சொல்ல முடியாது. வளையமாக விட்டதற்கு மட்டும் வளைதுய் வேண்டாம், தேங்காய்ப்பூ என்றே இருக்கட்டும். ஒரு நூலைப் பூனை நகம் இழுத்தால் வரிசையே உருவிக்கொண்டு வருவது வரைக்கும் அதுவும் துண்டும் ஒரே சாதி.

செல்லூர்க்காரி

*

ஏற்கிறேன். ஓர் ஐயம் மட்டும்: துய்த்தல் என்றால் நுகர்தல். "துய்க்கும் கம்பளம்" என்று எவரும் எழுதாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். துய் உயரம் என்பதைச் சேர்த்து எழுதினால் யகரம் இரட்டிக்கும், பிரித்தே இருக்கட்டும். கீழ்வீட்டார் என்ன சொன்னார்?

புதுச்சேரியிலிருந்து

*

உரல் நின்றுவிட்டதாம். ஆனால் பையன்கள் கத்துவது முன்புபோலவே கேட்கிறதாம். மெத்தென்ற பொருள் காலடி மோதுவதைத்தான் வாங்கிக்கொள்ளும், காற்றில் போகிற சத்தத்துக்கு அது ஒன்றும் பெரிதாகச் செய்யாது. முந்தினதற்கு மிதியொலி என்று எழுதி வைத்திருக்கிறேன், மறுப்பு இருந்தால் சொல்லுங்கள். மாமியார் இப்போது மதியத் தூக்கத்துக்கு அந்த அறைக்குத்தான் போகிறார், ஏசி போட்டுக்கொண்டு.

துய் பட்டியலில் ஏறிவிட்டது. பூ என்பதைத் தேங்காய்ப்பூ என்ற பதிவின் கீழும், முடி என்பதைத் தொழில்வழக்கு என்ற குறிப்போடும் போட்டிருக்கிறேன். அடுத்து அந்த எட்டு மில்லி ஃபோம். கம்பளத்துக்கும் தரைக்கும் நடுவே கிடந்து பாரத்தை வாங்கிக்கொள்வதற்கு அடிமெத்தை என்று திருச்சி நண்பர் தனிமடலில் எழுதியிருக்கிறார். எனக்கு என்னவோ, கூடைக்கும் தலைக்கும் நடுவே துணியைச் சுருட்டி வைப்பார்களே, அந்தச் சும்மாடுதான் கண்ணில் நிற்கிறது. தனி இழையாகத் தொடங்குகிறேன், அங்கே வந்து சண்டை போடுங்கள்.

செல்லூர்க்காரி