டயர் ஓரத்தில் விழும் கோடுகளுக்கு ஒரு சொல் வேண்டும் (வெள்ளிக்குள்)

அன்புள்ள குழுவினருக்கு,

ரோடு பைக் (தார்ச்சாலையில் வேகமாக ஓட்டும் சைக்கிள்) பராமரிப்பு வகுப்புக்கு எட்டுப் பக்கக் கையேடு ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். நெடுநாள் ஓட்டாமல் நிறுத்திய வண்டியில் டயரின் பக்கவாட்டில் மெல்லிய கோடு கோடாகப் பிளவு விழுமே, அதற்கு என்ன எழுதுவது? ‘வெடிப்பு ஆழமாக இருந்தால் டயரை மாற்றவும்’ என்று எழுதியிருந்தேன். முன்வரைவைப் படித்த மாணவி, “வெடித்த டயரில் ஆழம் எப்படிப் பார்ப்பது?” என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். ஆங்கில வழக்கைப் பின்பற்றி ‘உலர் அழுகல்’ என்றால் பொய்யாகிவிடும். ரப்பர் அங்கே அழுகவில்லை.
— செ., கோவை

செ. அவர்களுக்கு,

சொல் நம்மிடமே இருக்கிறது: பொரிவு. குறுந்தொகை 255இல் யா மரத்துக்குப் ‘பொரி அரை’ என்று அடை வருகிறது. பட்டை வெடித்துச் சொரசொரத்த அடிமரம். நற்றிணை 24இல் விளாமரம் ‘நெடும் பொரி விளவு’. உடும்பு அப்பியிருப்பதுபோல் தெரியும் பட்டை. பழைய டயரின் ஓரத்தைத் தடவிப் பாருங்கள், அதே விளாம்பட்டைதான். சரி–சரிவு, முறி–முறிவு, பொரி–பொரிவு. இலக்கணமும் இடிக்கவில்லை. கையோடு ‘டயரை’யும் ‘உருளிப்பட்டை’ ஆக்கிவிடுங்கள். டகரம் மொழிமுதல் வராது.
— ப., மதுரை

ப. ஐயா, வணக்கம்.

பொரிவு என்றதும் எனக்கு ஆயுதபூசைப் பொரிதான் கண்ணில் வருகிறது. அதைவிடப் பெரிய சிக்கல், பேச்சில் ர, ற வேறுபாடு பலரிடம் இல்லை. நாளைக்கே ‘பொறிவு’ என்று எழுதுவார்கள்; பொறி என்றால் எந்திரம், தீப்பொறி, எலிப்பொறி. எங்கள் பக்கம் சைக்கிள் கடையில் டயரின் பட்டன் (தரையில் படும் மேடுகள்) தேய்ந்தால் ‘மொட்டை’, உள்ளே தெரிந்தால் ‘நூல் வந்துடுச்சு’, இந்தக் கோடுகளுக்கு ‘வெயில்ல காஞ்சு வெடிச்சிருக்கு’. அதையே சுருக்கி ‘வெயில்வெடிப்பு’ என்றால் என்ன? ‘காய்வெடிப்பு’ என்றும் யோசித்தேன், இலவங்காய் நினைவு வந்து விட்டுவிட்டேன்.
— உ., சென்னை

வெயில் மட்டும் காரணம் இல்லை. ரப்பர் வேலையில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். காற்றில் இருக்கும் ஓசோன், ரப்பர் மூலக்கூறில் உள்ள இரட்டைப் பிணைப்புகளை அறுக்கிறது. இழுவிசையில் இருக்கும் இடத்தில்தான், இழுவைக்குக் குறுக்காக, விரிசல் விழும். அதனால்தான் வளைந்து நிற்கும் பக்கவாட்டில் முதலில் தெரிகிறது. இதைத் தடுக்க ரப்பரோடு மெழுகு சேர்ப்பார்கள். அது மேலே வந்து படலமாக மூடும். ஓடும் டயர் நெளிந்து நெளிந்து காப்புப் பொருளை வெளியே கொண்டுவரும், நின்ற டயரில் அது குறைவு. நிழலில், ஆனால் மின்மோட்டாருக்குப் பக்கத்தில் வைத்த வண்டியிலும் இது வரும். மோட்டார் தீப்பொறியில் ஓசோன் உண்டாகிறது. ‘வெயில்வெடிப்பு’ என்று அச்சிட்டால், நிழலில் வைத்தவர் நமக்கு இது வராது என்று நினைத்துக்கொள்வார்.
— ஜ., நாகர்கோவில்

அண்ணைமாருக்கு வணக்கம்.

நாங்கள் ‘ரயர்’ என்றுதான் எழுதுகிறோம். ப. ஐயா சொல்லும் விதிப்படி ரகரமும் மொழிமுதல் வராது, ‘இரயர்’ என்றல்லவா எழுதவேணும்! உருளிப்பட்டை என்றால் எங்கட கடைக்காரருக்கு விளங்காது. எனது வாக்கு ‘விரிசல்’.
— க., யாழ்ப்பாணம்

எல்லோருக்கும் நன்றி. இதுவரை ‘விரிசல்’ பக்கம் ஐந்து பேர், ‘வெடிப்பு’ பக்கம் இருவர், ‘பொரிவு’க்கு ப. ஐயா மட்டும். நேரம் இல்லாததால் இப்படி அனுப்புகிறேன்: கோடுகளுக்கு ‘பக்க விரிசல்’, கண்ணாடி கிழித்ததற்கு ‘வெட்டு’, டயர் பட்டென்று வெடித்துக் காற்றுப் போவதற்கு மட்டும் ‘வெடிப்பு’. மேலோட்டமான மயிரிழை விரிசல் என்றால் கவனித்துக்கொண்டே ஓட்டலாம். நூல் தெரிந்தாலோ பக்கம் புடைத்தாலோ உடனே மாற்ற வேண்டும். கான்டினென்டல் பந்தய டயர்களில் நடுப்பட்டையில் இருக்கும் இரு சிறு குழிகள் மறைந்தாலும் ஆயுள் முடிந்தது. வாங்கும்போது 25-622 என்ற எண்ணைப் பார்க்கவும் எழுதியிருக்கிறேன்: 25 அகலம், 622 ரிம்மில் டயர் உட்காரும் வட்டத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். 28 அகல டயர் போட விரும்பினால் ஃபிரேமிலும் பிரேக்கிலும் இடம் இருக்கிறதா என்று அளக்க வேண்டும். பின்டயர்தான் முதலில் தேயும். ஆனாலும் புதியதை முன்னால் மாட்டி, முன்னால் இருந்தது நன்றாக இருந்தால் பின்னுக்கு மாற்றுவதே நல்லது. முன்டயர் போனால் வண்டி கையில் நிற்காது.
— செ.

அனுப்புங்கள், தடுக்கவில்லை. ஆனால் மனம் ஒப்பவில்லை. விரிசல் கண்ணாடிக்கும் சுவருக்கும் வருவது. ஒற்றைக் கோடாகவும் இருக்கலாம். நூறு கோடு சேர்ந்து தோலே மாறிப்போவதுதான் பொரிதல். ர, ற குழப்பத்துக்குப் பயந்தால் ‘கரி’யையும் ‘கறி’யையும் கைவிட வேண்டியதுதான். இரண்டாம் பதிப்பு வந்தால் இந்த மடலை மறுபடி எடுத்துப் பாருங்கள்.
— ப., மதுரை

செ. அக்கா, ரிம்முக்குள் கொளுவி நிற்கும் கம்பி வைத்த விளிம்புக்கு என்ன போட்டீர்கள்? படத்தில் அம்புக்குறி இருக்கிறது, பெயரைக் காணவில்லை.
— க., யாழ்ப்பாணம்