கிளிஃப் ரிச்சர்டின் விற்பனை நிஜமா, கணக்கு வித்தையா? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

குரொய்டன் கடைக்காரன்

1999 டிசம்பர். தெற்கு லண்டனில் ஒரு சிடி கடையில் கவுண்டர் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். படிப்புக்கு நடுவில் வாரம் மூன்று நாள். பிரிட்டிஷ் பாப் பாடகர் கிளிஃப் ரிச்சர்ட், பரமண்டல ஜெபத்தைப் பாட்டாக்கிய 'தி மில்லேனியம் பிரேயர்' பற்றி இந்த ரசிகர் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கிளிஃப் நாற்பது வருடம் பாடிக் கொடுத்த ஈஎம்ஐ நிறுவனமே வேண்டாம் என்று விட்டது. வேறொரு சின்ன கம்பெனி வெளியிட்டது. பல வானொலிகள் அதைத் தொடவே இல்லை. அப்படியும் பிரிட்டனின் வாராந்தர விற்பனைப் பட்டியலில் மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது.

எங்கள் கடையில் எல்லோருக்கும் அந்தப் பாட்டு மேல் ஒரு எரிச்சல். "சர்ச் ஆட்கள் கட்டுக்கட்டாக அள்ளிக்கொண்டு போகிறார்கள், இதெல்லாம் ஒரு ஹிட்டா" என்று பேசிக்கொள்வோம். நானும் பேசினேன்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஒரு அம்மா வந்தார். எழுபது வயது இருக்கும். மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஏழு சிடி எடுத்து வைத்தார். ஏழும் அதே பாட்டு. பார்கோடு அடித்துக்கொண்டே, "ஏழு தடவை கேட்கப் போகிறீர்களா?" என்றேன். பக்கத்தில் நின்ற பையன் சிரித்துவிட்டான். அவர் பதில் சொல்லவில்லை. பணத்தை எண்ணி வைத்துவிட்டு, "ஒவ்வொன்றையும் தனிப் பையில் போட்டுத் தர முடியுமா?" என்று கேட்டார்.

கவுண்டர் ஓரமாக ஒதுங்கி நின்று, ஒவ்வொரு பை மேலும் ஒரு பெயர் எழுதினார். நாலாவது பையில் அவருடைய பேனா நின்றுவிட்டது. என் பேனாவைக் கேட்டு வாங்கி மீதி மூன்றையும் எழுதி முடித்தார்.

இருபத்தைந்து வருடம் ஆகிவிட்டது. கிளிஃபின் விற்பனை பொய்க் கணக்கு என்று யாராவது ஆரம்பித்தாலே அந்த ஏழு பைதான் கண்ணுக்குள் வந்து நிற்கிறது. உங்களுக்கு யாருக்காவது இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

கணக்கன்

தம்பி, மனசை உருக்கும் கதைதான். ஆனால் நீங்கள் எதற்காக வருத்தப்படுகிறீர்கள் என்று புரியவில்லை. பரிசாகக் கொடுத்தாலும் ஏழு விற்பனை ஏழு விற்பனைதான். 1962 ஜனவரியில் கிளிஃபின் 'தி யங் ஒன்ஸ்' பாட்டு வெளிவருவதற்கு முன்பே 5 லட்சத்துக்கு மேல் முன்பதிவு. வந்த வாரமே முதலிடம். அன்றைக்கு யாரும் அதை வித்தை என்று சொல்லவில்லை. வாங்கினவர்கள் இளசுகள், அவ்வளவுதான் வித்தியாசம்.

என் அனுபவம் சின்னது. 2020 கடைசியில் கிளிஃபின் புது ஆல்பம் பிரிட்டிஷ் பட்டியலில் மூன்றாம் இடத்தில் நுழைந்தது. தொடர்ந்து எட்டுப் பத்தாண்டுகளிலும் முதல் ஐந்துக்குள் ஆல்பம் வைத்த முதல் கலைஞர் என்று செய்தி வந்தது. ஆபீஸ் நண்பர் ஒருவரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் போனில் ஒரு ஸ்ட்ரீமிங் ஆப்பைத் திறந்து, அதே வாரத்தில் ஒரு சின்னப் பையன் பாட்டுக்கு எத்தனை கோடி, கிளிஃப் பாட்டுக்கு எவ்வளவு என்று பக்கத்தில் பக்கத்தில் காட்டினார். "யார் கேட்கிறார்கள் என்று நீயே பார்" என்றார். வாயடைத்துப் போனேன். பதில் அன்று இரவுதான் தோன்றியது.

அந்தப் பதிலைச் சொல்கிறேன், இங்கே சண்டை போடுகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் காலத்துப் பையன் ஒரு பாட்டை நூறு தடவை கேட்டால் நூறும் எண்ணப்படுகிறது. 2014-லிருந்து பிரிட்டனின் சிங்கிள்ஸ் (தனிப்பாட்டு) பட்டியலில் ஸ்ட்ரீமிங் கணக்கு சேர்கிறது. ஆனால் என் அத்தை 1988-இல் 'மிசில்டோ அண்ட் வைன்' தட்டு வாங்கினாரே, ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அதைத்தான் போடுகிறார். அவர் கணக்கில் ஒரே ஒரு விற்பனை. முப்பத்தைந்து வருடமாகக் கேட்பதற்கு எண் கிடையாது. அதனால் யாராவது எண்ணைக் காட்டினால் முதலில் எது எண்ணப்பட்டது என்று கேளுங்கள். உச்ச இடமா, எத்தனை வாரம் இருந்தது என்பதா, விற்ற தட்டுகளா? பிரிட்டனா, உலகமா? கடைக்கு அனுப்பினதா, கடையிலிருந்து வீட்டுக்குப் போனதா? ஒன்றைக் கேட்டால் இன்னொன்றைச் சொல்லி நழுவுவார்கள். நாமும் அப்படித்தான் செய்கிறோம், அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். முதல் வாரத்தில் மேலே ஏறி, அடுத்த வாரம் சரிகிற ஆல்பம் என்றால் ரசிகர்கள் விசுவாசமானவர்கள் என்று அர்த்தம். புது ஆட்கள் வந்து சேர்ந்தார்கள் என்று அர்த்தமில்லை. இரண்டையும் குழப்பக் கூடாது.

பெரம்பூர் ஸ்டெல்லா

எங்கள் வீட்டில் அவர் "லக்னோ பையன்". 1940-இல் லக்னோவில் பிறந்தவர். அவர் அப்பா இந்திய ரயில்வேக்குச் சாப்பாடு வழங்கும் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். என் அப்பாவும் ரயில்வே. இது ஒன்று போதாதா! 1948-இல் அவர்கள் கப்பல் ஏறிப் போனதை ஏதோ எதிர்வீட்டுக்காரர்கள் காலி செய்து போனது மாதிரி அப்பா சொல்வார்.

1980 என்று நினைக்கிறேன். 'வீ டோன்ட் டாக் எனிமோர்' முந்தின வருடம் இங்கிலாந்தில் முதலிடத்துக்கு வந்திருந்தது. பாரிஸ் கார்னர் பக்கம் ஒரு கேசட் பதிவுக் கடை. பாட்டு லிஸ்ட்டும் காசும் கொடுத்தால் சி-60 கேசட்டில் பதிந்து கொடுப்பார்கள். நான் கொடுத்த லிஸ்ட்டில் எட்டுப் பாட்டு கிளிஃப். கடைக்காரர் பார்த்துவிட்டு, "இந்தாளை இப்ப யாரும்மா கேக்குறாங்க, பீ ஜீஸ் போட்டுக்கோ" என்றார். எனக்கு முகம் சுண்டிப் போனது. அவர் ஆர்டர் எழுத நோட்டைத் திருப்பினார். நான் தலைகீழாகவே படித்தேன். முந்தின பக்கத்தில் கிளிஃப், அதற்குக் கீழே கிளிஃப், ஒரு வரி விட்டு மறுபடியும் கிளிஃப். வேறு வேறு பெயர்கள், வேறு வேறு பேட்டை. அயனாவரம், வேப்பேரி, பரங்கிமலை.

நான் விரலை வைத்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் என் எட்டுப் பாட்டையும் எழுதிக்கொண்டார்.

கணக்கன் அண்ணா, நீங்கள் சொல்கிற எந்த எண்ணிலும் அந்த நோட்டு கிடையாது. எங்கள் வீட்டில் மட்டும் ஆறு கேசட். கம்பெனிக்கு ஒரு பைசா போகவில்லை, அது தப்புதான். ஆனால் அந்த ஊரில் அவரை யாரும் கேட்கவில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம்.

எடிசன் பாலா

நியூ ஜெர்சியிலிருந்து எழுதுகிறேன். இங்கே நிலைமை வேறு. ஆபீஸ் பார்ட்டியில் கரோக்கே. நான் 'டெவில் வுமன்' பாடினேன். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட அத்தனை பேரும் கூடப் பாடினார்கள், சரணம்கூடத் தெரிந்திருந்தது. முடித்ததும், "இது யார் பாட்டு?" என்று கேட்டேன். எட்டுப் பேர் இருந்த மேஜையில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஒருவர் பெண் பாடகி என்று சாதித்தார்.

1976-இல் அந்தப் பாட்டு அமெரிக்காவில் ஆறாம் இடம். 'வீ டோன்ட் டாக் எனிமோர்' ஏழு. 'டிரீமிங்' பத்து. மூன்று பாட்டு முதல் பத்துக்குள் வந்தும் பெயர் ஒட்டவில்லை. உலகம் பூராவும் 25 கோடி விற்றார் என்று நம் ஆட்கள் சொல்லும்போது நான் பேசாமல் இருந்துவிடுகிறேன். பிரிட்டனில் பீட்டில்ஸ், எல்விஸுக்கு அடுத்து சிங்கிள்ஸ் விற்பனையில் அவர்தான், அது மட்டுமே போதும். பெரிய எண்ணைச் சொல்லப் போய் நிஜமான எண்ணையும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

வெள்ளவத்தை ரவி

பாலா சொல்வது சரி. ஆனால் கணக்கன் அண்ணை "புது ஆட்கள் வந்து சேரவில்லை" என்று எழுதியதை என்னால் விட முடியவில்லை. பாட்டையே ஒலிபரப்பாமல் வைத்துவிட்டு, ஆட்கள் வரவில்லை என்றால் எப்படி? 1998-இல் அவர் என்ன செய்தார் என்று ஞாபகம் இருக்கிறதா? 'காண்ட் கீப் திஸ் ஃபீலிங் இன்' பாட்டின் நடன வடிவத்தை 'பிளாக்நைட்' என்ற பெயரில் வானொலிகளுக்கு அனுப்பினார். யாரென்று தெரியாமல் போட்டார்கள். பிறகு சொந்தப் பெயரில் வந்து பத்தாம் இடம் பிடித்தது. குரல் அதே குரல்தான். பெயரைத்தான் அவர்களுக்குப் பிடிக்கவில்லை.

அதே காலத்தில் நான் இங்கிலாந்தில் ஒரு வைத்தியசாலையின் உள் வானொலியில் தொண்டராக இருந்தேன். ஞாயிறு பின்னேரம் வார்டு வார்டாகப் போய், நோயாளிகள் கேட்கும் பாட்டைத் துண்டுச் சீட்டில் எழுதி வாங்குவோம். புதிதாக வந்த பொறுப்பாளர் நிலையத்தை இளமையாக்க வேண்டும் என்றார். சில பாடகர்களின் பெட்டிகளை அலமாரியில் இருந்து எடுத்துவிட்டார். முதலில் போனது கிளிஃப்.

இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருந்த ஒரு முதியவர், முந்தி பஸ் ஓட்டியவர். 'சம்மர் ஹாலிடே' கேட்டார். அதே பெயரில் கிளிஃப் நடித்த படத்தில் வரும் சிவப்பு டபுள்டெக்கர் தான் ஓட்டிய ரகம்தான் என்றும், அதன் கியர் சத்தம் எப்படி இருக்கும் என்றும் வாயால் செய்து காட்டினார். "பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். தட்டு இல்லை. அடுத்த கிழமை வீட்டிலிருந்து என்னுடைய தட்டைக் கொண்டுபோய், கேட்காமலே போட்டேன். பொறுப்பாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கையைக் குறுக்கே அசைத்தார், நிறுத்து என்று. நான் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரில் விரலை வைத்தபடி கடைசி வரி வரைக்கும் நின்றேன். அந்த மனிதர் கேட்டாரா என்று தெரியாது. வார்டுக்கு ஓடிப்போய்ப் பார்த்தால் படுக்கை மாற்றிவிட்டார்கள், வேறு யாரோ படுத்திருந்தார்.

அந்தச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. கட்டில் இலக்கம் 14.

கணக்கன்

ரவி, நியாயம். அவர் நடித்த 'ஹீத்கிளிஃப்' இசை நாடகத்தையும் 1996-இல் பத்திரிகைகள் கிழித்தன, டிக்கெட்டோ விற்றுத் தீர்ந்தது. ஒலிபரப்பாளரும் விமர்சகரும் ஒரு பக்கம், வாங்குகிறவர் ஒரு பக்கம் என்பது அவர் விஷயத்தில் பழைய கதை. "வரவில்லை" என்பதை "வர விடவில்லை" என்று மாற்றிக்கொள்கிறேன்.

ஸ்டெல்லா அக்கா, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அந்த ஆறு கேசட்டையும் உடனே கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுங்கள். நாற்பது வருட டேப் சுருளோடு சுருள் ஒட்டிக்கொண்டிருக்கும். முதலில் ஒரு தடவை கடைசி வரை வேகமாக ஓட்டி, மறுபடி பின்னால் சுற்றிவிட்டு அப்புறம்தான் போட வேண்டும். பிளேயரின் ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். கேசட்டுக்குள்ளே தாமிரத் தகட்டில் ஒட்டியிருக்கும் குட்டிப் பஞ்சுத் துண்டு விழுந்திருந்தால் சத்தம் அமுங்கிக் கேட்கும், வேறு கேசட்டிலிருந்து மாற்றலாம். கேசட்டின் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் பல்லை உடைத்துவிடுங்கள், தவறிக்கூட மேலே பதிய முடியாது. டிவி, ஸ்பீக்கர் பக்கத்தில் வைக்கவே வைக்காதீர்கள். பிரிட்ஜ் மேலும் வேண்டாம். ஹெட்போன் ஓட்டையிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு கேபிள் போட்டு, சத்தத்தைப் பாதிக்கு வைத்துப் பதியுங்கள். முழுச் சத்தத்தில் வைத்தால் கரகரவென்று போய்விடும்.

பெரம்பூர் ஸ்டெல்லா

நன்றி அண்ணா. பிரிட்ஜ் மேல்தான் இருந்தது. எடுத்துவிட்டேன்.

கடைக்காரத் தம்பி, ஒன்று கேட்க வேண்டும். அந்தப் பைகளில் எழுதின பெயர்களைப் படித்தீர்களா?

குரொய்டன் கடைக்காரன்

இரண்டுதான் பார்த்தேன் அக்கா. ஒன்று "டோரிஸ், 9". ஒன்று "மாடி வீட்டுப் பையன்". மற்றதெல்லாம் அவர் கைக்குள் மறைந்துவிட்டது.

அவர் வந்த அந்தச் சனிக்கிழமைதான் கிறிஸ்துமஸ் பட்டியலுக்குக் கணக்கு எடுக்கும் கடைசி நாள். மறுநாள் ஞாயிறு சாயங்காலம் வெஸ்ட்லைஃப் குழுவின் பாட்டு முதலிடத்துக்கு வந்துவிட்டது. திங்கள் காலை கடை திறந்ததும் சுவரில் இருக்கும் முதல் இடத்து சிடி அடுக்கைக் காலி செய்வது என் வேலை. எப்போதும் இரண்டு கையாலும் அள்ளிக் கூடையில் போட்டுவிடுவேன். அன்றைக்கு ஒவ்வொன்றாக எடுத்தேன். பதினொன்று மிச்சம் இருந்தது. ஒன்றை என் கணக்கில் பில் போட்டு, ஒரு பையில் வைத்து, பேனாவை எடுத்தேன். அப்புறம் யார் பெயரை எழுதுவது என்று தெரியாமல் அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோனேன்.